குருதி உறிஞ்சும் பேயின் வரலாறு

இரவு வேளையிற் கல்லறையை விட்டெழுந்து, உயிரோடிருப்போரின் குருதியை உறிஞ்சும் பேயை மேனாட்டார் ‘வம்பயர்’ என்பர். கறுப்பு மேலங்கியும் கூரிய பற்களும் வெளிறிய முகமுங் கொண்ட ஒரு பிரபுவாகவே இப்பேயைத் திரைப்படங்களிற் கண்டிருக்கின்றோம். ஆயின், இக்கதை வழங்கிய நாட்டுப்புறத்து மக்கள் அப்பிரபுவைக் கண்டிருந்தால் அவனை வம்பயர் என்று அறிந்திருக்கவே மாட்டார்கள். அவர்கள் அஞ்சிய பேய் ஒரு குடியானவன். உடல் பருத்து முகஞ் சிவந்தவன். தம்மூரிலே தம்மோடு வாழ்ந்து மறைந்தவன். அக்குடியானவன் பிரபுவான வரலாற்றையே இன்று எடுத்துக் கூற விரும்புகின்றேன்.

1718 ஆம் ஆண்டு உடன்படிக்கையினால், துருக்கியர் வசமிருந்த சேர்பியாவின் வடபகுதி ஒஸ்திரியாவின் ஆட்சிக்குட்பட்டது. 1725 ஆம் ஆண்டில் அங்குள்ள கிசிலேவோ என்னுஞ் சிற்றூரிலே பீற்றர் பிளகோயெவிச் என்பவன் இறந்தான். பத்து வாரங்கள் சென்றபின், எட்டு நாட்களுள் ஒன்பது பேர் அடுத்தடுத்து மாண்டனர். பீற்றர் உறக்கத்தில் வந்து தம்மை அழுத்தி நெரித்தான் என்று அவர்கள் சாகுந் தறுவாயிற் கூறினராம். கல்லறையைத் தோண்ட வேண்டுமென ஊரார் ஒஸ்திரிய அதிகாரி புறொம்பால்டிடம் முறையிட்டனர். மேலிடத்து உத்தரவு வரும்வரை பொறுக்குமாறு அவர் கேட்டார். அதற்குள் ஊரே அழிந்துவிடும்; பொறுக்கச் சொன்னால் வீடு வாசலை விட்டுப் போய்விடுவோம் என்றனர் ஊரார். வேறு வழியின்றி அதிகாரி ஒரு குருவானவருடன் அங்கே சென்றார். உடல் அழுகாதிருந்தது, நகமும் தாடியும் வளர்ந்தாற்போலத் தோன்றின, வாயிலே குருதி காணப்பட்டது. ஊரார் நெஞ்சிலே கூரிய மரக்கட்டையை அறைந்து, உடலை எரித்துச் சாம்பராக்கினர். இதிற் பிழையிருப்பின் அது தம்முடையதன்று, அச்சத்தால் நிலைகுலைந்த மக்களுடையதே என்று புறொம்பால்ட் தம் அறிக்கையை முடித்தார்.

அவர்கள் கண்டது பொய்யன்று. அதற்குக் கொண்ட பொருளே பிழை. மண்ணினுட் குளிர்ந்த இடத்தில் உடல் மெல்லவே அழுகும். உள்ளே வாயு பெருக, வயிறு பருத்து, கருஞ்சிவப்பு நீர் வாயாலும் மூக்காலும் வெளிப்படும். தோல் சுருங்குவதால் நகமும் மயிரும் நீண்டனபோலத் தோன்றும். இவற்றையறியாதோர் இறந்தவன் உண்டு கொழுத்திருக்கின்றான் என்று எண்ணியதில் வியப்பில்லை.

1732 ஆம் ஆண்டில் மெட்வெஜா என்னும் வேறோர் ஊரிலே இத்தகைய சாவுகளை ஆராய்ந்த படை வைத்தியர் புளுக்கிங்கரின் அறிக்கை ஐரோப்பாவெங்கும் பரவியது. அவ்வாண்டிலேயே ‘வம்பயர்’ என்ற சொல் இலண்டன் பத்திரிகைகளிலும் இடம்பெற்றது. பல்கலைக்கழகத்தார் இதுபற்றி வாதிட்டனர். வோல்தேரோ, மக்களின் குருதியை உறிஞ்சும் மெய்யான வம்பயர்கள் பட்டினத்து வணிகரிடையே உள்ளனர் என்று எள்ளி நகையாடினார். 1755 ஆம் ஆண்டில், தம் அரண்மனை வைத்தியர் வான் சுவீற்றனின் ஆலோசனையைக் கேட்ட மரியா திரேசா அரசியார், கல்லறைகளைத் தோண்டிப் பிணங்களைச் சிதைக்குஞ் செயலைத் தடைசெய்தார்.

சட்டம் துரத்திய பேய்க்கு இலக்கியம் புகலிடம் அளித்தது. 1816 ஆம் ஆண்டுக் கோடையில், ஜெனீவா ஏரிக்கரை மாளிகையொன்றிலே மழையால் அடைபட்டிருந்த பைரன் பிரபுவும் நண்பர்களும் பேய்க்கதை எழுதுவதெனப் போட்டியிட்டனர். பைரனின் வைத்தியரான பொலிடோரி, பைரன் தொடங்கிக் கைவிட்ட கதையொன்றைக் கருவாகக் கொண்டு எழுதிய சிறுகதை 1819 இல் வெளிவந்தது. அதிலேதான் வம்பயர் உயர்குடிப் பிறந்தவனாய், விருந்துகளிற் கலந்து பெண்களின் மனங்கவர்பவனாய் மாறினான். இச்சொல் நம் பக்கமும் வந்தது. விக்கிரமாதித்தன் சுமந்த வேதாளத்தின் கதைகளை 1870 இல் ஆங்கிலமாக்கிய றிச்சட் பேர்ட்டன், வேதாளத்தையும் ‘வம்பயர்’ என்றே அழைத்தார். விடுகதை சொல்லும் நம் வேதாளத்துக்கு அப்பெயர் பொருந்துமோ என்பதை நீங்களே கூறுங்கள்.

பேய் இவ்வாறு நாவல்களில் உலாவிய காலத்திலும் மெய்யான கல்லறைகள் தோண்டப்பட்டன. அமெரிக்காவின் றோட் ஐலண்ட் மாநிலத்து எக்சிற்றர் ஊரிலே பிறௌன் என்னும் கமக்காரரின் மனைவியும் மூத்த மகளும் கசநோயால் இறந்தனர். 1892 ஜனவரியில் மேர்சி என்னும் இளைய மகளும் இறந்தாள். மகன் எட்வின் நோயுற்றுக் கிடந்தான். அயலாரின் வற்புறுத்தலால் தந்தை இணங்க, மார்ச்சு மாதத்தில் உடல்கள் சோதிக்கப்பட்டன. குளிர்காலத்தில் இறந்த மேர்சியின் உடல் கெடாதிருந்தமை இயல்பே என்று வைத்தியர் கூறியும் கேட்பாரில்லை. அவள் இதயத்தை எரித்த சாம்பரை நீரிற் கலந்து எட்வினுக்குக் கொடுத்தனர். இரண்டு மாதங்களுள் அவனும் இறந்தான். கசநோய்க் கிருமியை றொபேட் கொக் கண்டறிந்து அப்போது பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அவ்வறிவு பேர்லினிலிருந்து அக்கிராமத்தை இன்னும் அடையவில்லை; அடைந்திருந்தாலும் அந்நோயைத் தீர்க்கும் மருந்து அன்று எங்குமில்லை.

அவ்வட்டார நம்பிக்கைகள் பற்றிய 1896 ஆம் ஆண்டு நியூயோர்க் பத்திரிகைத் துண்டு ஒன்று, பிராம் ஸ்ரோக்கரின் குறிப்புகளிடையே இருக்கின்றது. மறுவருடம் அவருடைய ‘டிராக்குலா’ வெளிவந்தது. பெயரை வலாக்கியா நாட்டு வரலாற்று நூலொன்றிலிருந்து எடுத்தார். கதை நிகழும் திரான்சில்வேனியாவுக்கு அவர் சென்றதேயில்லை. அந்நாவலில் டிராக்குலா பகலிலும் நடமாடுகின்றான். சூரியவொளி பட்டால் வம்பயர் அழியும் என்பது 1922 இல் ஜேர்மனியில் எடுக்கப்பட்ட ‘நொஸ்பெராத்து’ என்ற ஊமைப்படம் வழங்கிய புதுமை. 1976 இல் ஆன் றைஸ் எழுதிய நாவலில் வம்பயர் தன் கதையைத் தானே கூறி வருந்தினான். 2005 இல் வந்த ‘ருவைலைற்’ நாவலில், பாடசாலை மாணவியைக் காதலிக்கும் அழகிய இளைஞனாகிவிட்டான்.

நேயர்களே, பேய் அழகனாக ஆக, அதனாற் பாதிக்கப்பட்டோரை நாம் மறந்துவிட்டோம். கிசிலேவோவிலும் எக்சிற்றரிலும் இருந்தோர் கொடியவரல்லர். பிள்ளைகள் கண்முன்னே மடியக் கண்டு, ஏதேனுஞ் செய்யத் துடித்தவர்கள். காரணம் அறியாத துயரம் ஒரு குற்றவாளியைத் தேடியது. வாய் திறந்து மறுக்கமுடியாத இறந்தவரைக் கண்டுபிடித்தது. புதிய நோய் பரவும் போதெல்லாம் அத்துயரம் மீண்டும் ஒருவரைத் தேடும்; அவர் உயிரோடிருக்கும் அயலவராகவும் இருக்கலாம். அவ்வேளையில் நாம் மேர்சி பிறௌனை நினைத்தல் நன்று. அவள் இறந்தபோது வயது பத்தொன்பது.