பட்டம்மாளுக்கு ஒரு கட்டம்

தனியொருவர் சேர்த்த நூலகத்துக்குக் கையெழுத்துப் பட்டியல்தான் திறவுகோல். வரிசை எண், நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு என்று கோடு போட்ட நோட்டில் நான்கு கட்டங்கள். அதில் ஏறாத புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாததுதான். சேர்த்தவர் கண்மூடியதும் பல வீடுகளில் புத்தகங்கள் எடைக்குப் போய்விடுகின்றன.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்தவை அப்படிப் போகாமல் தப்பின. அவர் விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். 1992இல் அவர் மறைந்தபோது நூல்கள், இதழ்கள், துண்டு வெளியீடுகள் என ஏறத்தாழ ஒரு லட்சம் அச்சுப்பொருட்கள் அவரிடம் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றைச் சிதறவிடாமல் மொத்தமாக வாங்கியது. 1994இல் அவை சென்னையில் ஓர் ஆய்வு நூலகமாயின. இலக்கியம் என்று மதிக்கப்பட்டதை மட்டும் அவர் சேர்க்கவில்லை. நாடக நோட்டீசையும் அழைப்பிதழையும்கூட எடுத்து வைத்தார். பெண்களின் வரலாற்றைத் தேடுகிற நமக்கு இந்தப் பாகுபாடின்மை பெரிய கொடை.

ஆனால் ஒரு பெண்ணின் நூல் அலமாரிக்கு வந்துவிட்டால் மட்டும் போதுமா? பட்டியலில் அவள் எப்படி ஏறுகிறாள்?

‘வை.மு.கோ.’ என்று ஒரு பதிவு இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது யார்? கம்பராமாயணத்துக்கு உரை எழுதிய வை.மு.கோபாலகிருஷ்ணமாச்சாரியாரும் வை.மு.கோ.தான். 115 நாவல்கள் எழுதி, 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்திய கோதைநாயகியும் வை.மு.கோ.தான். 1901இல் பிறந்த கோதைநாயகிக்கு அந்த முதலெழுத்துகள் ஐந்தரை வயதில் நடந்த திருமணத்தால் புகுந்த வீட்டிலிருந்து வந்தவை. தலைப்பெழுத்தோடு நிறுத்திக்கொள்ளும் பட்டியலில் உரையாசிரியரும் நாவலாசிரியையும் ஒருவருக்குள் ஒருவர் மறைந்துபோவார்கள். அப்படி மறையும்போது முதலில் காணாமல்போவது யாரென்று சொல்லத் தேவையில்லை.

இன்னொரு பெயருக்கு அந்த இடம்கூடக் கிடையாது. கோதைநாயகியின் முதல் படைப்பு ‘இந்திர மோகனா’ என்ற நாடகம், 1924இல் வெளிவந்தது. அப்போது அவருக்கு எழுதத் தெரியாது. அவர் வாயால் சொல்லச் சொல்ல, தோழி பட்டம்மாள் எழுதினார். பின்னாளில் கோதைநாயகி எழுதக் கற்றுக்கொண்டார்; பெயரும் பெற்றார். பட்டம்மாளின் கை இல்லையென்றால் அந்தத் தொடக்கம் இல்லை. நான்கு கட்ட நோட்டில் பட்டம்மாளை எங்கே எழுதுவது?

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள். அம்மா பாடும் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் நோட்டில் எழுதி வாருங்கள் என்கிறேன். எழுதி வருகிற நோட்டின் அட்டையில் மகளின் பெயர் மட்டுமே இருக்கும். அம்மா பாட்டுக்காரி, மகள் எழுத்துக்காரி. இரண்டு பேரும் பதிவாக வேண்டும்.

நோட்டில் ஐந்தாவது கோட்டைப் போடுவது எளிது. ‘சொன்னவர்’, ‘எழுதியவர்’ என்று தனித்தனிக் கட்டம் வேண்டும். பெண்ணின் முழுப்பெயரும் வேண்டும். அடுத்து தேடி வருகிறவளுக்கு நாம் விட்டுப்போகும் சாவி அதுதான்.