பெயர் எழுதி வைத்த திருச்சபை



யூபிலி என்றதும் கொடியேற்றமும் தேர்ப்பவனியும் விருந்தும் நம் நினைவுக்கு வருகின்றன. பழைய ஏற்பாட்டு யூபிலிக்கோ இன்னும் ஆழமான பொருள் உண்டு. ஐம்பதாம் ஆண்டில், நிலத்தை இழந்தவன் தன் நிலத்துக்கும், உறவைப் பிரிந்தவன் தன் குடும்பத்துக்கும் திரும்ப வேண்டும் என்பதே மோசே வழியாக வந்த கட்டளை. அவ்வாறு போரின் நடுவே தம் ஊருக்குத் திரும்பிய ஓர் ஏழை மக்களையும், அவர்களோடு நின்ற திருச்சபையையும் பற்றி இம்மலரில் எழுத விரும்புகிறேன்.

மத்திய அமெரிக்காவிலுள்ள எல் சால்வடோர் பரப்பளவில் தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்குதான். அதன் பெயருக்கு 'மீட்பர்' என்பது பொருள். காப்பித் தோட்டங்கள் ஒரு சில குடும்பங்களின் கையில் இருந்தன. உழைத்தவர்களில் மிகப் பலருக்கோ சொந்த நிலம் இல்லை. உரிமை கேட்டுச் சங்கம் அமைத்தவர்களை இராணுவம் வேட்டையாடியது. பகை முற்றி, 1980 முதல் 1992 வரை அரசுப் படைக்கும் கெரில்லாப் படைக்கும் இடையே உள்நாட்டுப் போர் நடந்தது. ஏறத்தாழ 75,000 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் ஆயுதம் எடுக்காத எளிய மக்கள்.

1977 பிப்ரவரியில் ஆஸ்கர் ரொமேரோ தலைநகர் சான் சால்வடோரின் பேராயரானார். அவரை அமைதியானவர், வம்புக்குப் போகாதவர் என்றே பலரும் எண்ணினர். மூன்று வாரம் ஆகுமுன், மார்ச் 12-ஆம் நாள், அவருடைய நண்பரான சேசு சபைக் குரு ருத்திலியோ கிராந்தே, ஒரு முதியவரோடும் ஓர் இளைஞனோடும் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுத்த ஞாயிறன்று பேராயர் மறைமாவட்டம் முழுவதற்கும் பேராலயத்தில் ஒரே ஒரு திருப்பலி என்று அறிவித்தார். அதை விரும்பாதவர்கள் திருச்சபைக்குள்ளேயே இருந்தனர். ஆயினும் மக்கள் வெள்ளமெனத் திரண்டனர்.

அதன்பின் அவர் செய்த பணிகளுள் ஒன்று, பார்வைக்கு மிகச் சிறியது. மறைமாவட்டத்தில் ஏழைகளுக்கான சட்ட உதவி அலுவலகம் ஒன்றை நிலைநிறுத்தினார். காணாமற்போன பிள்ளைகளின் தாய்மார் அங்கே வந்து, பெயர் என்ன, ஊர் எது, எந்த நாளில் யார் பிடித்துப்போனார்கள் என்று சொல்ல, அது எழுதி வைக்கப்பட்டது. ஞாயிறு மறையுரையில் பேராயர் அப்பெயர்களை வாசித்தார். மறைமாவட்ட வானொலி அதை நாடெங்கும் கொண்டு சென்றது. வானொலி நிலையத்துக்குக் குண்டு வைத்தார்கள். பழுதுபார்த்து மீண்டும் ஒலிபரப்பினார்கள். கெரில்லாக்கள் செய்த கொலைகளையும் அவர் கண்டிக்கத் தவறவில்லை. கொல்லச் சொல்லும் கட்டளைக்குப் பணிய வேண்டியதில்லை என்று 1980 மார்ச் 23-ஆம் நாள் படைவீரர்களிடம் மன்றாடினார். மறுநாள் மாலை, புற்றுநோயாளர் மருத்துவமனைச் சிற்றாலயத்தில் திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருக்கையில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

அவரோடு அப்பணி முடிந்துவிட்டதா? இல்லை. அகதிகளுக்கு உதவி வந்த மூன்று அருட்சகோதரிகளும் பொதுநிலைப் பெண் ஒருவரும் அதே ஆண்டு டிசம்பர் 2-ஆம் நாள் கொல்லப்பட்டனர். அப்போதும் பணி நிற்கவில்லை. ரொமேரோவுக்குப்பின் வந்த பேராயர் ரிவேரா இ தமாஸ், 1982-இல் 'துத்தேலா லேகல்' என்னும் சட்டப் பாதுகாப்பு அலுவலகத்தைத் தொடங்கினார். மரியா ஹூலியா ஏர்னாந்தஸ் என்னும் பொதுநிலைப் பெண் பல்லாண்டுகள் அதை நடத்தினார்.

1981 டிசம்பரில் எல் மோசோத்தே என்னும் ஊரிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் இராணுவம் ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்றது. அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று அரசு சாதித்தது. கணவரையும் நான்கு பிள்ளைகளையும் பறிகொடுத்துத் தப்பிய ருஃபினா அமாயா என்னும் தாய், கண்டதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். திருச்சபையின் அலுவலகம் சாட்சியங்களைக் கேட்டு, இறந்தோர் பெயர்களைத் திரட்டியது. 1992-இல் ஊர்க் கோயிலை அடுத்த கட்டடத்தில் தோண்டியபோது 143 பேரின் எலும்புகள் கிடைத்தன. அவர்களுள் 131 பேர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள்! 1993-இல் ஐக்கிய நாடுகள் அமைத்த உண்மை ஆணையம் அப்படுகொலையை உறுதி செய்தது.

இனி, திரும்பி வந்தவர்களைப் பார்ப்போம். ஹோண்டுராஸ் நாட்டின் மெசா கிராந்தே முகாமிலிருந்து 1987 அக்டோபரில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள், போர் ஓயுமுன்பே தம் நாட்டுக்குப் புறப்பட்டனர். திருச்சபையினர் அவர்களுக்குத் துணை நின்றனர். அவர்கள் குடியேறிய குவார்ஹிலா என்னும் ஊரில் சேசு சபைக் குரு ஹோன் கோர்த்தினா பணியாற்றினார். 1989 நவம்பர் 16-ஆம் நாள் தலைநகரில் அவருடைய துறவற இல்லத்தில் ஆறு குருக்களை இராணுவம் கொன்றபோது, அவர் அங்கே இல்லாமல் அக்கிராமத்தில் இருந்ததால் பிழைத்தார். போரில் படைவீரர்கள் தூக்கிச் சென்ற குழந்தைகளைத் தேட 1994-இல் ஓர் அமைப்பை நிறுவினார். வேறு பெயரோடு, வேறு நாட்டிலுங்கூட வளர்ந்த பிள்ளைகள் பலர் தம் பெற்றோரைக் கண்டடைந்தனர்.

1992 ஜனவரி 16-ஆம் நாள் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2018-இல் ரொமேரோ புனிதராக உயர்த்தப்பட்டார். ஆனால் ஒன்றை மறைப்பது நேர்மையன்று. 2013-இல் 'துத்தேலா லேகல்' அலுவலகத்தை மறைமாவட்டமே திடீரென மூடியது. பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தம் சாட்சியங்களின் கதி என்னவோ என்று கலங்கின. அங்கே பணிபுரிந்தவர்கள் தனியே ஒன்றுகூடி வேலையைத் தொடர்ந்தனர். நினைவைக் காப்பது ஒரு தலைமுறையோடு முடிகிற காரியமன்று.

நம் பங்கு அலுவலகத்திலும் திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகள் உள்ளன. சான்றிதழுக்காக மட்டும் அவை தேவை என்று எண்ணாதீர்கள். இறைவன் முன் ஒவ்வொருவரும் பெயருள்ளவர் என்பதற்கு அவை சான்று. போர்க்களத்தின் நடுவே அந்தச் சான்றைக் காப்பதற்காகத்தான் அந்நாட்டில் அத்தனை பேர் உயிரைக் கொடுத்தனர்.

ஆகவே அன்பர்களே, இந்த யூபிலி ஆண்டில் ஒன்று செய்வோம். விசுவாசிகளின் மன்றாட்டில் 'போரினால் வாடும் மக்களுக்காக' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்தாமல், ஞாயிறுதோறும் ஒரு நாட்டையும் ஓர் ஊரையும் பெயர் சொல்லி மன்றாடுவோம். அந்தந்த ஊரின் நிலையை நம் இளைஞர் விசாரித்துத் திருப்பலிக்கு முன் சபையாருக்கு எடுத்துரைக்கட்டும். சகல ஆத்துமாக்கள் திருநாளில் உங்கள் வீட்டாரின் பெயர்களைச் சீட்டில் எழுதித் தரும்போது, கீழே ஒரு வரியை எல் மோசோத்தேயின் குழந்தைகளுக்காக விடுங்கள்.

இறைவன் உங்கள் யாவரையும் ஆசீர்வதிப்பாராக.