ஜிப்பைக் கண்டுபிடித்தவர் யார்? ஒரு பண்டல் கடைச் சட்டை எழுப்பிய கேள்வி

படிவம் 4 மாணவர் ஒருவர் பண்டல் கடையில் வாங்கிய குளிர்சட்டையை வகுப்புக்கு எடுத்து வந்தார். காசு சேர்த்து வாங்கிய சட்டை. "மேல வரைக்கும் நல்லாத்தான் இழுபடுது சார். இழுத்து முடிச்சதும் நடுவுல பொளந்துக்குது" என்றார். பார்த்தால், பல் ஒன்றுகூட உடையவில்லை. அவரோ சட்டையைத் தூக்கிப் போடும் முடிவோடு இருந்தார்.

அவர் சொன்ன குறை புதிதல்ல. ஜிப்பின் முதல் இருபது ஆண்டு வரலாறே அந்தக் குறையின் வரலாறுதான்.

ஜிப்பைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் நம் மாணவர்கள் "விட்கோம்ப் ஜட்சன், 1893" என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அது பாதி விடைதான். சிகாகோவைச் சேர்ந்த ஜட்சன் அந்த ஆண்டு காப்புரிமை பெற்றது காலணிகளை மாட்டும் ஒரு சாதனத்துக்கு. அதில் இன்றைய பற்கள் இல்லை. கொக்கிகளும் அவை மாட்டிக்கொள்ளும் கண்களும்தான் இருந்தன. ஆனால், அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் மாட்டாமல், ஒரு சிறு துண்டை இழுத்தே வரிசையாக மாட்டிவிடலாம் என்ற யோசனை அவருடையது. அந்தத் துண்டைத்தான் நம் தையற்காரர்கள் ரன்னர் என்கிறார்கள். சிகாகோ உலகக் கண்காட்சியிலும் அதை வைத்துப் பார்த்தார். பெரிதாக யாரும் வாங்கவில்லை.

பிறகு பாவாடைகளுக்கும் கால்சட்டைகளுக்கும் ஏற்றபடி அதை மாற்றி 'சி-கியூரிட்டி' என்ற பெயரில் விற்றார்கள். பெயரில் இருந்த பாதுகாப்பு பொருளில் இல்லை. குனிந்தாலோ உட்கார்ந்தாலோ பட்டென்று திறந்துகொள்ளும். துருவும் பிடிக்கும். அதனால், துவைப்பதற்கு முன் துணியிலிருந்து பிரித்தெடுத்து, காய்ந்த பிறகு மறுபடியும் தைக்க வேண்டும். யார் இதைக் கட்டிக்கொண்டு அழுவார்கள்? ஜட்சன் 1909-இல் காலமானார். தம் யோசனை வெற்றி பெற்றதை அவர் பார்க்கவே இல்லை.

அந்த நிறுவனத்தில் 1906-இல் வேலைக்குச் சேர்ந்தவர் கிடியன் சுண்ட்பேக். சுவீடனில் பிறந்து, ஜெர்மனியில் பொறியியல் படித்தவர். 1911-இல் அவருடைய மனைவி எல்விரா இறந்துபோனார். அந்தத் துக்கத்தோடு வேலையில் மூழ்கியவர், 1913-இல் கொக்கியையே விட்டுவிட்டார். அதற்குப் பதிலாக எல்லாம் ஒரே மாதிரியான பற்கள். ஒவ்வொரு பல்லின் மேற்புறத்தில் சின்ன மேடு, அடிப்புறத்தில் சின்னக் குழி. ஒன்றின் மேடு எதிர்வரிசைப் பல்லின் குழியில் போய் உட்காரும். முன்பு ஓர் அங்குலத்துக்கு நான்காக இருந்த இணைப்புகள் பத்து, பதினொன்று என ஆயின. குனிந்தாலும் விடுபடாது. 1917-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. பல்லை வெட்டி நாடாவில் பொருத்தும் இயந்திரத்தையும் அவரே வடிவமைத்தார். அது இல்லாவிட்டால் விலை குறைந்திருக்காது. பாடக் குறிப்புகளில் இதை யாரும் எழுதுவதில்லை என்பது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

'ஜிப்பர்' என்ற பெயர் இன்னும் பிந்தியது. 1923-இல் பி.எஃப். குட்ரிச் நிறுவனம் தன் ரப்பர் காலணிகளுக்கு வைத்த பெயர் அது. ஆக, 1893, 1913, 1917, 1923 ஆகிய நான்கு ஆண்டுகளும் சரிதான். ஆனால் யோசனை, வடிவம், காப்புரிமை, பெயர் என்று ஒவ்வொன்றும் வேறு கேள்விக்கு விடை. தேர்வில் கேள்வி எதைக் கேட்கிறது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

சரி, அந்தச் சட்டைக்கு வருவோம். மேடு குழிக்குள் உட்கார வேண்டுமென்றால் பற்கள் சரியான கோணத்தில் வந்து அழுத்தப்பட வேண்டும். அதைச் செய்வது ரன்னர். அதன் உள்வழி ஆங்கில 'ஒய்' எழுத்துபோல இருக்கும். இரண்டு வரிசையாக நுழைவது ஒன்றாக வெளியே வரும். பல வருடம் இழுத்து இழுத்து ரன்னரின் மேல்தகடும் கீழ்த்தகடும் லேசாக விரிந்துவிட்டால், பல் உள்ளே போகும், ஆனால் அழுந்தாது. அதனால்தான் பின்னாலேயே பிளந்துகொள்கிறது. பழைய துணியில் பெரும்பாலும் கெட்டுப்போவது பல் அல்ல, ரன்னர்தான்.

மருத்துவம் எளிது. ரன்னரை அடிவரை இறக்கிவிட்டு, பிளையரால் அதன் இடப்பக்க ஓரத்தை லேசாக அழுத்த வேண்டும், பிறகு வலப்பக்கம். கொஞ்சம் அழுத்தி, இழுத்துப் பார்த்து, தேவையானால் மறுபடியும். ஒரேயடியாக நசுக்கக் கூடாது. பல ரன்னர்கள் துத்தநாகக் கலவையில் வார்த்தவை, வளையாமல் உடைந்துவிடும். உலோகப் பல்லாக இருந்து இறுக்கமாக ஓடினால், பென்சில் முனையைப் பற்களில் தேய்க்கலாம். கரி வழுக்கிக்கொடுக்கும்.

வகுப்பிலேயே செய்து பார்த்தோம். மூன்றாவது அழுத்தலில் ஜிப் பிடித்துக்கொண்டது. "இவ்வளவுதானா சார்?" என்றார் மாணவர். இப்போதைக்கு இவ்வளவுதான். தேய்ந்த ரன்னர் மறுபடியும் விரியலாம். அப்போது புது ரன்னர் மாற்ற வேண்டியிருக்கும். கடைக்குப் போகுமுன் பழையதைத் திருப்பிப் பாருங்கள். பின்புறத்தில் பெரும்பாலும் 3, 5, 8 என்று ஓர் எண் இருக்கும். அந்த அளவைத்தான் கேட்டு வாங்க வேண்டும்.