நீச்சல் குளத்தில் குளோரின் நெடி அடிச்சா தண்ணீர் சுத்தமா? சுகாதார ஆய்வில் எதைப் பார்க்கிறார்கள்?

கோடை விடுமுறை வந்தாலே பிள்ளைகள் கேட்கும் முதல் இடம் நீச்சல் குளம்தான். உள்ளே போனதும் மூக்கில் ஏறும் நெடியை வைத்து, 'மருந்து நல்லா போட்டிருக்காங்க' என்று பெற்றோர் நிம்மதி அடைவதுண்டு. ஆனால் உண்மை நேர் எதிரானது.

நெடி எங்கிருந்து வருகிறது?

சரியாகப் பராமரிக்கப்படும் குளத்தில் கடுமையான நெடி இருக்காது. குளிப்பவர்களின் வியர்வை, சிறுநீர் ஆகியவற்றோடு குளோரின் சேரும்போது 'குளோரமைன்' உருவாகிறது. நெடி, கண் சிவப்பு, இருமல் எல்லாம் இதன் வேலை. கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரின், அழுக்கோடு மல்லுக்கட்டியே தீர்ந்துபோகிறது என்று அர்த்தம். தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒரு நிமிடம் ஷவரில் குளிக்கச் சொல்வது இதனால்தான்.

ஆய்வில் பார்ப்பது என்ன?

தண்ணீர் பளிச்சென்று இருப்பது மட்டும் போதாது. முக்கியமானவை 2 அளவுகள். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி பரிந்துரைப்படி, குளோரின் ஒரு லிட்டருக்கு குறைந்தது 1 மில்லிகிராம் இருக்க வேண்டும். பிஎச் அளவு 7.0 முதல் 7.8-க்குள் இருக்க வேண்டும்.

பிஎச் ஏன் முக்கியம்? அது 7.5 ஆக இருக்கும்போது குளோரினில் சுமார் பாதி முழு வீரியத்தோடு இருக்கும். 8.5 ஆனால் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். மருந்து கொட்டியும் பலன் இல்லாமல் போவது இப்படித்தான்.

இவை தவிர, குளத்தின் அடியில் உள்ள வடிகால் மூடி உடையாமல் இருக்கிறதா, மேலிருந்து அது தெளிவாகத் தெரிகிறதா, உயிர்காப்பு உபகரணங்கள் உள்ளனவா, அமிலமும் குளோரினும் தனித்தனியாக வைக்கப்பட்டுள்ளனவா என்றும் பார்ப்பார்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு வெளியாகும்.

8-ல் ஒரு ஆய்வில் உடனடி மூடல்

அமெரிக்காவின் 5 மாகாணங்களில் 2013-ல் நடந்த 84,187 ஆய்வுகளை சிடிசி அலசியது. சுமார் 80 சதவீத ஆய்வுகளில் ஒரு விதிமீறலாவது இருந்தது. 8-ல் ஒரு ஆய்வில் குளம் உடனே மூடப்பட்டது. சின்னக் குழந்தைகளுக்கான ஆழமில்லாத குளங்களில் இது 5-ல் ஒன்று! அங்கே தண்ணீர் குறைவு, டயப்பர் அணிந்த குழந்தைகள் அதிகம்.

காலையில் ஒரு தடவை பார்த்தா போதாதா?

போதாது. வெயில் பட்டால் குளோரின் வேகமாகக் குறையும். கூட்டம் கூடினால் இன்னும் குறையும். அதனால் குளம் திறந்திருக்கும் நேரம் முழுக்க, குறிப்பிட்ட இடைவெளியில் சோதித்து பதிவேட்டில் எழுத வேண்டும். அதிகாரி வருவது எப்போதாவதுதான். மற்ற நாட்களில் பாதுகாப்பு இந்தப் பதிவேட்டில்தான் இருக்கிறது.

குளோரினுக்கும் அடங்காத கிருமி

சரியான அளவு குளோரின் இருந்தால் ஈ.கோலை கிருமி ஒரு நிமிடத்துக்குள் சாகும். ஹெபடைட்டிஸ் ஏ வைரஸுக்கு சுமார் 16 நிமிடம், ஜியார்டியாவுக்கு 45 நிமிடம் ஆகும். ஆனால் கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் 'கிரிப்டோஸ்போரிடியம்' 10 நாளுக்கு மேல் தாக்குப்பிடிக்கும். அமெரிக்காவில் 2009 முதல் 2017 வரை இந்தக் கிருமி 444 முறை பரவி, 7,465 பேரைப் பாதித்தது. இதில் நீச்சல் குளங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் குளத்தில் இறங்கவே கூடாது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை

* குளத்தின் அடியில் உள்ள வடிகால் மூடி தெளிவாகத் தெரிகிறதா?
* கடுமையான நெடி அடிக்கிறதா?
* இன்றைய குளோரின், பிஎச் அளவு எழுதி வைக்கப்பட்டுள்ளதா? இல்லையென்றால் தயங்காமல் கேளுங்கள்.
* சோதனைப் பட்டைகள் கடைகளிலும் ஆன்லைனிலும் கிடைக்கும். தண்ணீரில் நனைத்தால் சில நொடிகளில் அளவு தெரிந்துவிடும்.
* தண்ணீரை விழுங்கக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள்.

அடி தெரியாத அளவுக்குத் தண்ணீர் கலங்கியிருந்தால், டிக்கெட் எடுத்திருந்தாலும் பிள்ளைகளை இறக்க வேண்டாம். மூழ்கியவர் இருந்தாலும் அந்தத் தண்ணீரில் கண்ணுக்குத் தெரியாது.