காற்றை அளந்தவர்

1746-இல் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய சென்னைக் கோட்டை, 1749-இல் ஆங்கிலேயரிடம் திரும்பி வந்தது. அதனையும், கடலூரையடுத்த தேவனாம்பட்டினத்துச் செயிண்ட் டேவிட் கோட்டையையும் வலுப்படுத்தக் கிழக்கிந்தியக் கம்பெனியார் ஒருவரைத் தேர்ந்தெடுத்தனர். 1750-இல் இக்கரையில் வந்திறங்கிய அவர் பெயர் பெஞ்சமின் ராபின்ஸ்.

இங்கிலாந்தின் பாத் நகரில் 1707-இல் பிறந்த அவர், போரையே ஏற்காத குவேக்கர் குடும்பத்துப் பிள்ளை. அப்பிள்ளைதான் பின்னாளில் பீரங்கிக் கலைக்கு இலக்கணம் வகுத்தார் என்பது வியப்பே!

அக்காலப் பீரங்கி வீரர்கள் காற்றின் தடையைப் பொருட்படுத்தவில்லை. கனத்த குண்டை மெல்லிய காற்று என்ன செய்துவிடும் என்றிருந்தனர். ராபின்ஸ், கனமான ஊசலொன்றைத் தொங்கவிட்டு அதன்மீது சுட்டார். அது எவ்வளவு தூரம் ஆடிற்று என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். வெவ்வேறு தொலைவுகளில் சுட்டுப் பார்த்தபோது, காற்று விதிக்கும் தடை மிகப் பெரிதெனத் தெளிந்தது. 1742-இல் நூலாக வந்த இவ்வாய்வைக் கணித மேதை ஆய்லர் 1745-இல் ஜெர்மன் மொழியில் விளக்கவுரையுடன் வெளியிட்டார்.

இன்னொரு சோதனையும் செய்தார். துப்பாக்கிக் குழாயின் முனையை இடப்புறம் வளைத்து, வரிசையாகக் கட்டிய மெல்லிய தாள்களினூடே சுட்டார். குண்டு இடப்புறமாகப் புறப்பட்டு, பின்னர் வலப்புறம் வளைந்து சென்றது! குழாயின் சுவரில் உராய்ந்து சுழன்ற குண்டைக் காற்று ஒருபுறம் ஒதுக்கியதே காரணம். ஆகவே குழாயினுள் திருகுவரி வெட்டி, பறக்கும் திசையையே அச்சாகக் கொண்டு குண்டைச் சுழலச் செய்தால் குறி தவறாது என்றார். அத்தகைய துப்பாக்கியை முதலில் முழுமையாக ஏற்கும் நாடே மேலோங்கும் என்று 1747-லேயே உரைத்தார்.

திருகுவரியாலும் வெல்ல முடியாதது பக்கக்காற்று. இராயபுரத்து மொட்டை மாடியில் காற்றாடி விட்ட சிறுவனுக்கும் மாலைக் கடற்காற்றின் வலிமை தெரியும். ஆனால் குண்டின் கணக்கு வேறு. காற்றுத் தடையால் குண்டு எவ்வளவு நேரம் தாமதிக்கிறதோ, அத்தாமதத்தைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைக்கும். நொடிக்கு 840 மீட்டர் வேகத்தில் கிளம்பும் இக்கால ரைபிள் குண்டு, வெற்றிடத்தில் 300 மீட்டரை ஏறத்தாழ 0.36 நொடியில் கடக்கும். காற்றிலோ சுமார் 0.41 நொடியாகும். நொடிக்கு 4 மீட்டர் பக்கக்காற்று வீசினால், இந்த 0.05 நொடித் தாமதம் குண்டை 20 சென்டிமீட்டர், அதாவது ஏறக்குறைய ஒரு சாண், விலக்கிவிடும். தடையே இல்லையெனில் விலகலும் இல்லை.

இவ்விடத்தில் 1037-இல் மறைந்த இப்னு ஸீனா நினைவுக்கு வருகிறார். எறியப்பட்ட பொருள் தன்னுள் ஒரு ‘மைல்’ கொண்டு செல்கிறது. வெற்றிடத்தில் அது தானாக அழியாது என்பது அவர் வாதம். (இது தூரத்தைக் குறிக்கும் மைல் அன்று, ‘சாய்வு’ எனப் பொருள்படும் அரபுச் சொல்.) வேகத்தைத் தின்பது காற்றே என்ற கருத்தை அவர் சிந்தனையால் எட்டினார், ராபின்ஸ் அதை அளந்து காட்டினார்.

ராபின்ஸுக்கு நம் மண்ணில் கிட்டியது ஓராண்டே. காய்ச்சலால் நலிந்து, 1751 ஜூலை 29-இல் செயிண்ட் டேவிட் கோட்டையில் காலமானார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி அக்கோட்டையைப் பிடித்துத் தகர்த்தார்.

1914 செப்டம்பர் 22 இரவு, சென்னைத் துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய ‘எம்டன்’ கப்பலின் பீரங்கிகள் திருகுவரி வெட்டியவையே.