இயேசு செபம்

"ஆண்டவராகிய இயேசு கிறிஸ்துவே, இறைமகனே, பாவியாகிய என்மேல் இரக்கமாயிரும்."

இச்சிறு செபமே 'இயேசு செபம்' எனப்படுகிறது. சீனாய், சிரியா, ஆத்தோஸ் மலை ஆன்மிக ஆசிரியர்கள் வழியாக இது நமக்கு வந்துள்ளதாகக் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி (எண் 2667) கூறுகிறது. வரிதண்டுபவரின் மன்றாட்டும் (லூக் 18:13), பார்வையற்ற பர்த்திமேயுவின் கூக்குரலும் (மாற் 10:47) இதில் ஒலிக்கின்றன.

மூச்சை உள்ளிழுக்கையில் முதல் பகுதியையும், வெளிவிடுகையில் அடுத்த பகுதியையும் மனத்துள் சொல்வது வழக்கம். காலையில் பத்து நிமிடம் அமைதியாக அமர்ந்து தொடங்குவோம். பேருந்துக்குக் காத்திருக்கையிலும், உறக்கம் வராத இரவிலும் தொடர்வோம்.

எத்தனை முறை சொன்னோம் என்பது முக்கியமல்ல. நாள்தோறும் இரக்கத்தை வேண்டும் நாம், நெடுநாளாய்ப் பேசாதிருக்கும் சகோதரருக்கு அதை மறுத்தால், நம் செபம் உதட்டோடு நின்றுவிடும்.