டிரஸ்கோதிக் சொன்ன 'வைரஸ்'

லீவ் வேணும்னா "வைரல் ஃபீவர்"னு மெயில் தட்டுவோம்ல? இங்கிலாந்து துவக்க ஆட்டக்காரர் மார்கஸ் டிரஸ்கோதிக்கும் அதையேதான் சொன்னார்.

2006 பிப்ரவரி. இந்தியாவுடன் டெஸ்ட் தொடர் ஆரம்பிக்கும் முன்பே வதோதராவிலிருந்து ஊர் திரும்பிட்டார். முதலில் 'குடும்பக் காரணம்', அப்புறம் டிவி பேட்டியில் 'வைரஸ்'. நவம்பரில் ஆஸ்திரேலியாவிலிருந்தும் பாதியில் கிளம்பினார். 76 டெஸ்ட், 14 சதம் அடிச்ச மனுஷன், 2008-ல் சர்வதேச ஆட்டத்துக்கே முழுக்குப் போட்டார்.

அதே வருஷம் சுயசரிதையில் உண்மையைப் போட்டு உடைத்தார்: மனச்சோர்வு. புத்தகத்துக்கு வில்லியம் ஹில் விருது கிடைத்தது. சாமர்செட் அணிக்கு 2019 வரை ஆடினார்.

போன வருஷம் ராத்திரி ராத்திரியா தூக்கமில்லாம, காரணமில்லாம அழுதுட்டுக் கிடந்தப்போ நானும் 'ஃபீவர்'னுதான் மெயில் அனுப்பினேன். உண்மையைச் சொல்ல அவருக்கு ரெண்டு வருஷம் ஆச்சு மக்களே. நான் இன்னைக்குத்தான் சொல்றேன்.